‘கண்டென்சர் போயிடுச்சு சார்’: ஏசி வெளி ஃபேன் மோட்டார் சூடானா, பணம் கொடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது



ஏசியில கூலிங் வரல. மெக்கானிக் வந்து வெளி யூனிட்டைப் பார்த்துட்டு, “கண்டென்சர் போயிடுச்சு சார்” அப்படின்னு சொல்றார். இந்த ஒரு வரிக்கு உங்க பில் சில நூறு ரூபாயாவும் இருக்கலாம், பல ஆயிரமாவும் இருக்கலாம். ஏன்னா நம்ம ஊர்ல ‘கண்டென்சர்’ங்கற ஒரே வார்த்தை ரெண்டு வேற வேற பொருளுக்கு ஓடுது.

ஒண்ணு, கெப்பாசிட்டர். சீலிங் ஃபேன் மெதுவா சுத்தினா எலக்ட்ரீஷியன் மாத்துவாரே, அந்தச் சின்ன டப்பா. அதை நம்ம வீடுகள்ல கண்டென்சர்னுதான் சொல்லுவோம். இன்னொண்ணு, வெளி யூனிட்டோட பின்பக்கமும் பக்கவாட்டிலும் வளைஞ்சு நிக்குற பெரிய காயில். ஏசி டெக்னீஷியன் பாஷையில உண்மையான கண்டென்சர் அதுதான். அதனால முதல் கேள்வி இதுவா இருக்கட்டும்: “கெப்பாசிட்டரைச் சொல்றீங்களா, காயிலைச் சொல்றீங்களா?” இந்த ஒரு கேள்விக்கே எஸ்டிமேட் பல மடங்கு மாறலாம்.

நான் ஏசி மெக்கானிக் இல்ல, சிஏ. ஆனா ஒரு செலவு எங்க ஆரம்பிக்குது, எங்க போய் முடியுதுன்னு பின்தொடர்றது எங்க தொழில். வெளி ஃபேன் மோட்டார் சூடாகுற பிரச்சினை அதுக்கு நல்ல உதாரணம். சில நூறு ரூபாய்ல முடிய வேண்டியது எப்படி புது ஏசி வாங்குற வரைக்கும் போகுது, எந்த இடத்துல அதை நிறுத்தலாம், இதைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

வெளி யூனிட்ல என்ன நடக்குது?

ஏசி குளிரை உற்பத்தி பண்றதில்ல. ரூம்ல இருக்குற சூட்டை எடுத்து வெளியே கொண்டு போய்க் கொட்டுது, அவ்வளவுதான். கொட்டுற இடம் அந்தக் கண்டென்சர் காயில். காயில் மேல காத்தை இழுத்து சூட்டை வெளியே தள்ளுறது ஃபேன். அந்த ஃபேனைச் சுத்துறது ஒரு சின்ன மோட்டார். சாதாரண ஒன்றரை டன் ஏசியில அதோட பவர், ஒரு சீலிங் ஃபேன் அளவுதான் இருக்கும். பக்கத்துல இருக்குற கம்ப்ரஸரோ ஒன்றரை கிலோவாட் பக்கம் இழுக்குற ஆள்.

இப்ப ஃபேன் மெதுவாச்சு, இல்ல நின்னு போச்சுன்னு வெச்சுக்கோங்க. காயில்ல சூடு தேங்கும். உள்ளே இருக்குற கேஸோட பிரஷர் ஏறும். கம்ப்ரஸர் இன்னும் கஷ்டப்பட்டு தள்ளணும், அதிக கரண்ட் இழுக்கும், அதுவும் சூடாகும். ஒரு கட்டத்துல அதோட பாதுகாப்பு ஸ்விட்ச், அதாவது ஓவர்லோட், ட்ரிப் ஆகி கம்ப்ரஸர் நிக்கும். ஆறினதும் மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். இதே மாதிரி நாள் கணக்கா ஓட்டினா கம்ப்ரஸரோட ஆயுள் குறையும்.

ஆக வரிசை இதுதான்: தூசி, கெப்பாசிட்டர், ஃபேன் மோட்டார், கடைசியா கம்ப்ரஸர். இடமிருந்து வலமா போகப் போக செலவு ஏறுது. முதல் மூணுல எங்க பிடிச்சாலும் ஏசி பிழைக்கும்.

இது உண்மையிலேயே கோளாறா?

பணம் செலவு பண்றதுக்கு முன்னாடி இதை உறுதி பண்ணிக்கோங்க. சாதாரண ஏசியில, நீங்க செட் பண்ண டெம்பரேச்சர் வந்ததும் கம்ப்ரஸரும் வெளி ஃபேனும் சேர்ந்தே நிக்கும். அது கோளாறு இல்ல. இன்வெர்ட்டர் ஏசியில ஃபேன் வேகம் கூடிக் குறைஞ்சு ஓடும், அதுவும் கோளாறு இல்ல. ஓடிட்டு இருக்குற மோட்டார் சூடா இருக்குறதும் இயல்புதான். சூடு தாங்காம அது நிக்குதாங்கறதுதான் கேள்வி.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் இவை:

1. வெளியே கம்ப்ரஸர் ‘உம்ம்’னு சத்தம் போடுது, ஆனா ஃபேன் சுத்தல.
2. ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி நிக்குது, அரை மணி நேரம் கழிச்சு தானா ஓடுது. மோட்டாருக்குள்ள இருக்குற தெர்மல் ஓவர்லோட் சூட்டுல கட் ஆகி, ஆறினதும் சேருதுன்னு அர்த்தம்.
3. ராத்திரி நல்லா ஓடுற ஏசி மதியத்துல மட்டும் கைவிடுது.
4. கீச்னு சத்தம், லொட லொடன்னு ஆட்டம், இல்ல வார்னிஷ் கருகுற வாசனை.
5. எம்சிபி அடிக்கடி விழுது.

முதல் அறிகுறியோ கருகுற வாசனையோ வந்தா, உடனே ஏசியை ஆஃப் பண்ணி எம்சிபியையும் இறக்கிடுங்க. “இன்னிக்கு ஒரு ராத்திரி ஓட்டிட்டு நாளைக்குப் பார்த்துக்கலாம்”ங்கறதுதான் இதுல காஸ்ட்லியான முடிவு. அந்த ஒரு ராத்திரி நீங்க பணயம் வைக்கிறது கம்ப்ரஸரை.

அதே மாதிரி, வீடியோ பார்த்துட்டு நீங்களே வெளி யூனிட்டைத் திறக்க வேண்டாம். கரண்ட்டை ஆஃப் பண்ண பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் தங்கியிருக்கும், ஷாக் அடிக்கும். குச்சியால ஃபேன் இறக்கையைத் தள்ளிவிட்டுப் பார்க்குற வித்தையும் நமக்கு வேண்டாம். மூணாவது மாடி சன்ஷேடுல இறங்குறதைப் பத்தி நான் சொல்லவே தேவையில்ல. பால்கனியிலிருந்து பார்க்கிறது, கேட்கிறது, முகர்ந்து பார்க்கிறது, எம்சிபியை இறக்குறது, இவ்வளவுதான் நம்ம எல்லை.

மோட்டார் ஏன் சூடாகுது? செலவு குறைஞ்சதிலிருந்து ஆரம்பிப்போம்

காத்தோட்டம். இதுக்கு பைசா செலவில்ல. வெளி யூனிட் முன்னாடி துணி காயப் போட்டிருக்கா? அழகுக்காக கிரில், ஷீட் வெச்சு மூடியிருக்கா? புறா கூடு கட்டியிருக்கா? சுத்தி சுவர் இருக்குற குறுகலான ஷாஃப்ட்ல மாட்டினா, யூனிட் வெளியே தள்ளின சூடான காத்தையே திரும்ப இழுக்கும். இதுல எது இருந்தாலும் மோட்டார் நிஜமான வெயிலை விட அதிக சூட்டுல நின்னு வேலை செய்யுது.

தூசி. காயில்ல இருக்குற மெல்லிய தகடுகளுக்கு நடுவுல தூசியும் முடியும் அடைச்சா காத்து வராது. மோட்டார் ஆறுறதும் அதே காத்துலதான். மெயின் ரோடு ஓரத்து வீடு, பக்கத்துல கட்டடம் கட்டுற இடம்னா அடைப்பு சீக்கிரம் வரும். பெசன்ட் நகர், ஈசிஆர் மாதிரி கடலோரம்னா உப்புக் காத்து தகடுகளை அரிக்கும். சர்வீஸ்னு வந்தவர் உள் யூனிட் ஃபில்டரை மட்டும் கழுவிட்டுப் போனா அது பாதி சர்வீஸ்தான். வெளி காயிலையும் தண்ணி அடிச்சு கழுவினாரான்னு நின்னு பாருங்க.

வோல்டேஜ். நம்ம வீட்டு சப்ளை 230 வோல்ட். கோடை சாயங்காலம் தெருவே ஏசி போடும்போது இது இறங்கலாம். இந்த வகை மோட்டாரோட சுத்துற சக்தி வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. 180 வோல்ட்டுக்கு இறங்கினா, வோல்டேஜ் 22 சதவீதம்தான் குறைஞ்சிருக்கு, ஆனா சக்தி கிட்டத்தட்ட 61 சதவீதமா விழுந்திடும். மோட்டார் திணறும், சூடாகும். ஸ்டெபிலைசர் தேவையா இல்லையான்னு கடைக்காரரைக் கேட்காதீங்க. கம்ப்ரஸர் ஓடும்போது மீட்டர்ல என்ன வோல்ட் வருதுன்னு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க.

கெப்பாசிட்டர். சாதாரண ஸ்ப்ளிட் ஏசியில ஃபேனுக்கு 2, 2.5, 3 மைக்ரோ ஃபாரட் மாதிரி ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். கம்ப்ரஸருக்கு இதை விட பல மடங்கு பெருசா தனியா ஒண்ணு. வெயில் காயக் காய கெப்பாசிட்டரோட அளவு மெதுவா இறங்கும். 2.5ன்னு எழுதியிருக்கும், மீட்டர்ல வெச்சா 1.6 காட்டும். அப்ப மோட்டார் கிளம்பவே திணறும், மெதுவா சுத்தும், சூடாகி நிக்கும். மோட்டார் நல்லாவே இருக்கும், ஆனா ‘மோட்டார் போச்சு’ன்னு தோணும். வெறும் கெப்பாசிட்டர்ல முடிய வேண்டிய வேலைக்கு முழு மோட்டாரே மாத்துறது இந்த இடத்துலதான் நடக்குது.

இன்னொரு விஷயம். “கொஞ்சம் பெரிய கெப்பாசிட்டர் போட்டா ஃபேன் நல்லா ஓடும்”னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. அளவு கூடினாலும் வைண்டிங்ல கரண்ட் கூடி மோட்டார் சூடாகும். எழுதியிருக்குற அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்டேஜ் ரேட்டிங், அல்லது அதுக்கு மேற்பட்ட வோல்டேஜ் ரேட்டிங் இருக்கணும்.

பேரிங்கும் இறக்கையும். கரண்ட் ஆஃப்ல இறக்கையைக் கையால சுத்தினா வழுக்கிட்டு ஓடணும். பிடிச்சு நின்னா பேரிங் காய்ஞ்சிருக்கு. ஆட்டம் இருந்தா தேய்ஞ்சிருக்கு. இறக்கை உடைஞ்சோ ஒரு பக்கம் கனமாவோ இருந்தா அதுவே பேரிங்கைத் தின்னும்.

வைண்டிங். இதெல்லாம் கவனிக்காம விட்டா கடைசியா காயில் கருகும். எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்ல ஒரு பொது விதி உண்டு: தாங்கக்கூடிய அளவுக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வைண்டிங் இன்சுலேஷனோட ஆயுள் தோராயமா பாதியாகும். கூட்டு வட்டி நமக்கு எதிரா வேலை செஞ்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அதுதான் இது. கருகின மோட்டாருக்கு ரெண்டு வழி: காயில் கட்டுறது, இல்ல புது மோட்டார். காயில் கட்டுறது விலை குறைவு, ஆனா கட்டுறவர் கையைப் பொறுத்தது. புதுசு போட்டா வாட்ஸ், வேகம், சுத்துற திசை, ஷாஃப்ட் அளவு, எத்தனை மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்ங்கற அஞ்சும் பழசோட பொருந்தணும்.

இன்வெர்ட்டர் ஏசி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. பல மாடல்கள்ல வெளி ஃபேன் டிசி மோட்டார். அதுக்கு இந்தச் சின்ன கெப்பாசிட்டரே கிடையாது, பிசிபி போர்டுதான் அதை ஓட்டுது. ஃபேன் நின்னா மோட்டாராவும் இருக்கலாம், போர்டாவும் இருக்கலாம். போர்டு விலை அதிகம். அதனால மோட்டார் கனெக்டருக்குப் போர்டுலிருந்து வோல்டேஜ் வருதான்னு பார்த்த பிறகுதான் எது போச்சுன்னு முடிவு பண்ணணும்.

மெக்கானிக் வரும்போது கேட்க வேண்டியது

அவரைச் சந்தேகப்படுற தொனி வேண்டாம். “அண்ணா, எனக்கும் காட்டிட்டே பண்ணுங்க”ன்னு சொன்னா போதும். நல்ல டெக்னீஷியன் சந்தோஷமா காட்டுவார்.

1. கெப்பாசிட்டர் மேல எழுதியிருக்குற அளவு என்ன, மீட்டர்ல வர்ற அளவு என்ன?
2. இறக்கை கையால ஃப்ரீயா சுத்துதா?
3. ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு?
4. மோட்டார் போச்சுன்னா, வைண்டிங் ஓப்பனா, ஷார்ட்டா, பாடியில எர்த் ஆகுதா? எந்த ரீடிங்கை வெச்சு சொல்றீங்க?
5. கழற்றின பழைய பார்ட்டை என்கிட்ட கொடுப்பீங்களா?

ஃபேன் சரியாகுற வரைக்கும் ‘கேஸ் ஃபில்’ பேச்சே எடுக்க வேண்டாம். ஃபேன் ஓடாதப்போ பிரஷர் ரீடிங் தாறுமாறாதான் இருக்கும். அதை வெச்சு கேஸ் கூடவா குறைவான்னு சொல்ல முடியாது. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற பொருளும் இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்திட்டே இருக்கும். குறைஞ்சிருந்தா எங்கயோ லீக். லீக்கை அடைக்காம கேஸ் மட்டும் நிரப்பினா அடுத்த கோடைக்கும் அதே பில் வரும்.

இப்ப நம்ம கணக்கு

முதல்ல கரண்ட் பில். உங்க ஏசி தினம் 8 மணி நேரம், ரெண்டு மாசத்துல 60 நாள் ஓடுது. கம்ப்ரஸர் 1.5 கிலோவாட், அதுல 60 சதவீத நேரம் ஓடுதுன்னு வெச்சுக்கலாம். 1.5 × 8 × 60 × 0.6 = 432 யூனிட். அடைப்பாலயும் மெதுவான ஃபேனாலயும் 15 சதவீதம் அதிகம் இழுக்குதுன்னா, கூடுதலா 65 யூனிட்.

இதை எந்த ரேட்டால பெருக்கணும்? சராசரி ரேட்டால இல்ல. இன்கம்டாக்ஸ்ல போனஸ் வந்தா உங்க மேல் ஸ்லாப் ரேட்ல வரி போகுற மாதிரி, ஏசியோட கூடுதல் யூனிட் உங்க பில்லோட மேல் ஸ்லாப்லதான் விழும். அந்த ரேட் 8 ரூபாய்னா, ஒரு பில்லுக்கு 520 ரூபாய். வெளி யூனிட்டைக் கழுவுற செலவை ஒரே கோடையில எடுத்துடலாம்.

அடுத்தது ரிப்பேரா, புதுசா? இங்க ஒரே ஒரு அளவுகோல் போதும்: இனிமே கிடைக்கப் போற ஒரு வருஷ குளிருக்கு எவ்வளவு செலவு? கீழ இருக்குற தொகை எல்லாம் உதாரணம்தான். உங்க எஸ்டிமேட்டைப் போட்டுக்கோங்க.

ஏசிக்கு வயசு 7. இன்னும் 3 வருஷம் ஓடும்னு எடுத்துக்குவோம்.

ஃபேன் மோட்டார் மாத்த 3,500 ரூபாய். 3 வருஷத்தால வகுத்தா வருஷத்துக்கு 1,167.

கம்ப்ரஸர் மாத்த 14,000 ரூபாய். வருஷத்துக்கு 4,667.

புது ஏசி, மாட்டுற செலவோட 40,000 ரூபாய், 10 வருஷம். வருஷத்துக்கு 4,000. புதுசு வருஷத்துக்கு 150 யூனிட் மிச்சம் பண்ணினா 1,200 கழிச்சு 2,800.

முடிவு தெளிவா இருக்கு. மோட்டார் வரைக்கும்னா ரிப்பேர் பண்ணுங்க. வாரண்டி முடிஞ்ச பழைய ஏசியில கம்ப்ரஸர் போயிருந்தா புதுசைப் பத்தி யோசிங்க. “அன்னிக்கு 38,000 கொடுத்து வாங்கினேனே”ங்கற வருத்தம் இந்தக் கணக்குல வரவே கூடாது. அந்தப் பணம் எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராது.

புதுசு வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆச்சு. அடிப்படை விலை மாறலேன்னா, முன்னாடி வரியோட 40,000 ரூபாயா இருந்த ஏசி 36,875க்கு வரணும். அப்புறம், கிரெடிட் கார்டு ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ல வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் ஃபீயும் உங்க ஸ்டேட்மென்ட்ல வரும். அதையும் கூட்டிட்டு விலையை ஒப்பிடுங்க.

பில்லும் வாரண்டியும்

ஆளைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி வாரண்டி கார்டை எடுங்க. பல பிராண்டுகள்ல முழு ஏசிக்கு 1 வருஷம், கம்ப்ரஸருக்கு அதைவிட ரொம்ப அதிகம். ஃபேன் மோட்டார் பெரும்பாலும் அந்த முதல் வருஷத்துக்குள்ளதான் வரும். கம்ப்ரஸருக்கு இலவசம்னு போட்டிருந்தாலும் கேஸ், லேபர் அதுல சேருமான்னு படிங்க. வாரண்டி ஓடிட்டு இருக்கும்போது வெளி ஆள் கையை வெச்சா கிளைம் போயிடுமாங்கறதும் அதே கார்டுல இருக்கும். வாடகை வீட்டுல ஓனர் மாட்டின ஏசின்னா, முதல்ல அக்ரிமென்ட்டைப் பார்த்து ஓனர்கிட்ட பேசுங்க. அப்புறம் ரிப்பேருக்குச் சொல்லுங்க.

பில் கேட்டு வாங்குங்க. அதுல பார்ட் தனியா, லேபர் தனியா, பார்ட்டுக்கு எத்தனை மாசம் கேரண்டின்னு இருக்கணும். “பில் வேணும்னா 18 சதவீதம் கூட ஆகும்”னு சொன்னா, 15 இலக்க ஜிஎஸ்டி நம்பரோட பில் கேளுங்க. சேவைத் தொழில்ல வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை டர்ன்ஓவர் இருக்குற சின்ன மெக்கானிக் பொதுவா ஜிஎஸ்டியில ரிஜிஸ்டர் பண்ணத் தேவையில்ல. ரிஜிஸ்டர் பண்ணாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவும் முடியாது. ஆனா அவரும் சாதாரண பில் கொடுக்கலாம். செஞ்ச வேலைக்கு பில் தர மறுக்கிறதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைன்னு சொல்லுது. மாட்டின பார்ட் பத்தே நாள்ல போயி, அவங்களும் கை விரிச்சா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்க பேசும்போது அந்த பில்தான் உங்க பலம்.

மாசம் 500 ரூபாய்

ஏசி என்னிக்காவது ரிப்பேர் ஆகும், ஒரு நாள் மாத்தவும் வேண்டி வரும். தெரிஞ்சே வர்ற செலவு எமர்ஜென்சி இல்ல. அதை எமர்ஜென்சி ஃபண்ட்லிருந்தோ கிரெடிட் கார்டுலிருந்தோ எடுக்கக் கூடாது. புது ஏசிக்கு வருஷம் 4,000, சர்வீஸ், ரிப்பேருக்கு 2,000, மொத்தம் 6,000. மாசத்துக்கு 500 ரூபாய். ‘ஏசி’ன்னு பேர் வெச்சு ஒரு ஆர்டி போட்டுடுங்க.

அதோட மார்ச் மாசம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, வெளி யூனிட்டைக் கழுவி கெப்பாசிட்டரை மீட்டர்ல பார்த்து, அந்த நம்பரை தேதியோட பில் பின்னாடி எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த வருஷம் வர்ற மெக்கானிக் யாரா இருந்தாலும், போன வருஷம் 2.4 இருந்தது இந்த வருஷம் 2.1ன்னு நீங்களே சொல்லலாம். மே மாசம் மதியத்துல மோட்டார் சூடாகி நிக்குறதுக்கு முன்னாடியே அந்தச் சின்ன டப்பாவை மாத்திடலாம்.